கைலி கட்டிய நாற்காலிகள்

வேலூர் கொசப்பேட்டைச் சந்து ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு குஷன் கடை இருக்கிறது. வாசலில் ஆட்டோ சீட்டும் புல்லட் சீட்டும் அடுக்கியிருக்கும். உள்ளே கனமான தையல் மிஷின் ஒன்று, ஒரு கம்ப்ரசர், கம்ப்ரசர் மேல் எப்போதும் ஒரு டீ கிளாஸ். என்னுடைய இரண்டு தேக்கு நாற்காலிகளை அங்கேதான் கொடுத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை சுத்தம், நேரம் மோசம். துணி விஷயத்தில் மட்டும் கடைக்கார பாய் சொல்வதைக் கேட்காதீர்கள்.

நாற்காலிகளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். 1996-ல் பாகாயம் பக்கம் ஒரு டாக்டர் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது இரண்டும் சேர்த்து 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். டேனிஷ் பாணி. தாழ்வான இருக்கை, சாய்ந்த முதுகு, துடுப்பு மாதிரி மெலிந்துகொண்டே போகும் கைப்பிடி. பூவேலை, கடைசல் எதுவும் கிடையாது. ஐம்பது அறுபதுகளில் டென்மார்க்கிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய இந்த வடிவத்தை நம் ஊர்த் தச்சர்களும் நல்ல தேக்கில் செய்தார்கள். ராணிப்பேட்டையில் ஒரு ஆலையில் முப்பத்தோரு வருடம் ட்ராயிங் போர்டு முன்னால் நின்றவன் நான். அந்தக் கைப்பிடியின் வளைவைப் பார்த்ததும் விலை பேசவே தோன்றவில்லை. பேசியிருந்தால் 1,500-க்கு முடிந்திருக்கும் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

மரம் அப்படியே இருக்கிறது. போனது மற்றதெல்லாம். பச்சை ரெக்ஸின் வெடித்து, உள்ளே இருந்த ஃபோம் மாவாக உதிர ஆரம்பித்துவிட்டது. அடியில் இருந்த ரப்பர் பட்டைகள் அப்பளம் மாதிரி ஆகி, ஒருநாள் சம்பந்தி உட்கார்ந்தபோது மூன்று பட்டை ஒன்றாக அறுந்தன. அதற்கப்புறமும் தள்ளிப்போட முடியுமா?

முதலில் ஒரு பெரிய ஷோரூமுக்குத்தான் போனேன். "இதை எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புது சோபா எடுத்துக்குங்க சார், ஜோடிக்கு 500 ரூபா கழிச்சிக்கலாம்" என்றார் அங்கிருந்த தம்பி. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். கொசப்பேட்டைக் கடையை எனக்குக் காட்டியது எங்கள் தெரு ஆட்டோக்காரர். பாய் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூட்டு ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆணியே இல்லாம செஞ்சிகீறான் பாருங்க" என்றார். சரி, இவர்தான் ஆள் என்று முடிவு செய்தேன்.

சண்டை துணியில் ஆரம்பித்தது. கடையில் இருந்த சாம்பிள் புத்தகங்களில் சாம்பல், சந்தனம், காப்பி, மறுபடியும் சாம்பல். "இல்லன்னா லெதர் போட்டுடலாம் சார், ஆம்பூர் சரக்கு, நம்மகிட்ட நல்ல பீஸ் வரும்" என்றார். தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த ஜில்லாவில் யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் பனியனோடு தோல் நாற்காலியில் சாய்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எழுந்திருக்கும்போது முதுகு பாதி அங்கேயே தங்கிவிடும். நான் பையிலிருந்து எடுத்து வைத்தது குடியாத்தம் கைலி. மூட்டாதது. கருநீலத்தில் பெரிய கட்டம், குறுக்கும் நெடுக்கும் ரத்தச்சிவப்பு, நடுவில் மஞ்சள் ஒரு இழை.

"இன்னா சார், கைலியவா சேருக்கு மாட்டச் சொல்றீங்க? பாக்கறவன் என்னைச் சிரிப்பான்."

மனைவி பிறந்த ஊர் குடியாத்தம். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரி நாற்காலியில் மரம் அடக்கமாக இருக்கிறது, கோடு மட்டும்தான் இருக்கிறது. அதன் மேல் சாம்பல் துணியைப் போட்டால் வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்கிற நாற்காலி ஆகிவிடும். பூவேலை செய்த ராஜா காலத்து சோபாவில் இதே கைலியைப் போட்டால் கண் கூசும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இது என் ஒருவனுடைய கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் என்ற ஃபர்னிச்சர் கம்பெனி 1952-ல் தன் துணிப் பிரிவை அலெக்சாண்டர் ஜிரார்டு என்ற வடிவமைப்பாளரிடம் கொடுத்தது. ஈம்ஸ் தம்பதி வடிவமைத்த நாற்காலிகள் வந்த அதே கம்பெனிதான். அந்த எளிய வடிவங்களுக்குப் பட்டையும் கட்டமும் பளீர் நிறங்களுமாகத் துணி கொடுத்தவர் அவர். அதே ஜிரார்டுதான் 1955-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகளுக்கும் அலங்காரக் கலைப்பொருள்களுக்கும் நடந்த கண்காட்சியை அமைத்துக் கொடுத்தார். அவர்கள் நம் துணியைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ரசித்தார்கள். நமக்குக் குடியாத்தம் பஸ் ஏறினால் போதும். இதையெல்லாம் பாயிடம் சொன்னேன். டீ ஆறுகிறது என்றார்.

கடைசியில் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: கைலி மெல்லிசு, தனியாகப் போட்டால் ஆறு மாதத்தில் முன் விளிம்பு கிழியும், அடியில் காடா துணி வைத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். இது நூற்றுக்கு நூறு சரி. எனக்குத் தோன்றாத விஷயம்.

துணியை நான் வீட்டிலேயே ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் பக்கெட்டைப் பார்த்தால் பீட்ரூட் ரசம். மூன்று தண்ணீர் அலசிய பிறகுதான் தெளிந்தது. காய்ந்ததும் அளந்தேன்: 2,000 மில்லிமீட்டர் இருந்தது 1,940 ஆகியிருந்தது. நூற்றுக்கு மூன்று. தைத்த பிறகு துவைத்திருந்தால் 560 மில்லிமீட்டர் இருக்கை உறை 17 மில்லிமீட்டர் சுருங்கி, ஃபோமுக்குள் நுழைய மறுத்திருக்கும். கைத்தறியோ விசைத்தறியோ, பருத்தி என்றால் இதைச் செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது சண்டை அடியில். அறுந்த ரப்பர் பட்டைக்குப் பதில் ப்ளைவுட் அடித்துவிடலாம், ஆயுசுக்கும் தொங்காது என்றார் பாய். நிறைய குஷன் கடைகளில் கேட்காமலே அதைச் செய்துவிடுகிறார்கள். செய்யவே விடாதீர்கள். இந்த நாற்காலிகளில் பட்டைதான் ஸ்பிரிங். உட்கார்ந்ததும் அது கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும், அந்த இறக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் கைப்பிடியின் உயரமும் முதுகின் சாய்வும். பலகை அடித்தால் முழங்கை தொங்கும், ஃபோமும் நடுவில் சீக்கிரம் அமுங்கிவிடும். ஒரு தாளில் பக்கவாட்டுப் படம் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீங்க இன்னா வேலைல இருந்தீங்க?" என்றார். அப்புறம் இரண்டு அங்குல எலாஸ்டிக் பட்டை வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரே அளவுக்கு இழுத்துக் குறி வைத்துப் பொருத்தினார். அந்த இடத்தில் அவர் கை வேலையைப் பார்க்க வேண்டும். பட்டையைச் சுண்டிவிட்டு, சத்தத்தை வைத்தே இறுக்கம் சரியா என்று சொல்கிறார், மிருதங்கக்காரர் மாதிரி.

இப்போது குறை. எட்டு நாள் என்றார், இருபத்தாறு நாள் ஆனது. தப்பில் பாதி என்னுடையது. புரட்டாசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயுத பூஜைக்கு முன்னால் ஊரில் உள்ள ஆட்டோ எல்லாம் புது சீட் கேட்டு வரிசையில் நிற்கும் என்று தெரியாமல் போயிற்று. இருபதாவது நாள் போனபோது என் நாற்காலிகள் மேல் யாரோ ஒருவருடைய சரிகை வைத்த சிவப்பு ரெக்ஸின் காய்ந்துகொண்டிருந்தது.

முதலில் தைத்த உறையில் கட்டம் கோணல். கட்டத் துணியின் சோதனையே இதுதான். வெறும் நிறமாக இருந்தால் துணி கொஞ்சம் திரும்பினாலும் யாருக்கும் தெரியாது. கட்டம் என்றால் கிராஃப் தாள், நாற்காலி முழுக்க அளவுகோல் ஒட்டியது போல. முதுகுத் திண்டின் சிவப்புக் கோடு இறங்கி வந்து இருக்கையின் சிவப்புக் கோட்டோடு சேர வேண்டும். அங்கிருந்து மடிந்து முன்பக்கப் பட்டையிலும் தொடர வேண்டும். பாய் கொடுத்ததில் இடது பக்கம் சேர்ந்தது, வலது பக்கம் 12 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. பாக்கெட்டிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். அவர் முகம் மாறியது. ஆனால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தையலைப் பிரித்தார், கோட்டுக்குக் கோடு குண்டூசி குத்தி மறுபடி தைத்தார், கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை. இப்போது நான்கு திண்டிலும் கோடு கோட்டில் நிற்கிறது. அதிகபட்சம் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம், அதுவும் இரண்டாவது நாற்காலியின் பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம்.

கட்டம் சேர்ப்பதற்குத் துணி நிறைய வீணாகும். மூன்று கைலி போதும் என்று நான் போட்ட கணக்கு தப்பாகி, ஐந்து ஆனது. ஒரே தடவையில், ஒரே கட்டிலிருந்து வாங்கிவிடுங்கள். நான் பின்னால் வாங்கிய இரண்டில் சிவப்பு ஒரு மாற்று கம்மி. அதைக் கீழ்ப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டோம்.

செலவு: 40 டென்சிட்டி ஃபோம் நான்கு திண்டுக்கு 3,600. எலாஸ்டிக் பட்டை 900. காடா, ஜிப், நூல் 450. கூலி 3,200. ஆக 8,150. கைலி ஐந்து, ஒன்று 380 வீதம் 1,900. பாலிஷ் நானே போட்டுக்கொண்டேன். ஃபோமை வெட்டுவதற்கு முன் எடை போட்டுப் பார்க்கச் சொன்னேன், அதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ என்பதுதானே அந்த எண்ணுக்கு அர்த்தம். எடை சரியாகவே இருந்தது.

நான்கு மாதம் ஆகிறது. திண்டு அமுங்கவில்லை, பட்டை முனகவில்லை. மேற்கு ஜன்னல் ஓரம் இருக்கும் நாற்காலியில் நீலம் லேசாக வெளுக்கிறது. திரை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. ஜிப் மட்டும் மட்டம். ஒன்று இப்போதே திக்குகிறது. பாயிடம் கொடுப்பவர்கள் ஜிப்பைத் தனியாக வாங்கிக்கொண்டு போங்கள்.

பொங்கலுக்கு மைத்துனர் குடியாத்தத்திலிருந்து வந்தார். நாற்காலியைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். "மாமா, இது நான் வீட்ல கட்டுற டிசைன். இதுல நான் உக்காந்தா சேர் எது, நான் எதுன்னு அக்காவுக்கே தெரியாது" என்றார். பிறகு போகும்வரை அதை விட்டு எழுந்திருக்கவில்லை.

மாடியில் இன்னொன்று இருக்கிறது. ஆபீஸ் ஏலத்தில் எடுத்த குழாய் நாற்காலி, பின்னங்கால் இல்லாமல் முன்னால் மட்டும் வளைந்து நிற்குமே, அந்த ரகம். இந்த வம்சத்துக்கு மூத்தவரில் ஒருவர் மார்செல் ப்ரூயர். சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்துவிட்டு 1925 வாக்கில் இரும்புக் குழாயை வளைத்து நாற்காலி செய்யப் புறப்பட்டவர். இன்றைக்கு அவருடைய அந்த முதல் நாற்காலியைக் கறுப்புத் தோலில்தான் எல்லாரும் பார்க்கிறோம். ஆரம்பத்தில் அதற்குப் போட்டது துணி. ஜெர்மன் மொழியில் அதை இரும்பு நூல் என்பார்கள். பெயரில்தான் இரும்பு, மெழுகு ஏற்றி முறுக்கிய பருத்தி. அந்தத் தடிப்புக்கு இங்கே கைலி ஆகாது. பவானி ஜமக்காளம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஊதாவும் பச்சையும் ஆரஞ்சும் பட்டை பட்டையாக. பங்குனிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாயிடம் இன்னும் சொல்லவில்லை.