கேபிள் தாங்கியது, முனை தாங்கவில்லை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. மாலையில் காற்று வாங்க நல்ல இடம். மின்னணுச் சாமான்களுக்கு ஆகாத இடம். கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் குடியிருப்பு. மோடம் மாடியில் இருப்பதால் 2019-இல் கடைக்கு 25 மீட்டர் நெட்வொர்க் கேபிள் இழுத்தேன்.

முதலில் வாங்கியது மலிவுச் சரக்கு. உறையில் கேட் 6 என்று கேபிளின் தரத்தை அச்சிட்டிருந்தது. தூக்கினால் லேசாக இருந்ததை நல்ல குணம் என்றே நினைத்தேன். ஒன்றரை வருடத்தில், முனையில் மாட்டிய கனெக்டருக்குள்ளேயே கம்பிகள் ஒடிந்தன. பிளேடால் சுரண்டினால், செம்புப் பூச்சுக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம். கவரிங் நகைதான். இப்போதெல்லாம் கடையிலேயே ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

2021-இல் முழுச் செம்பில், வெயில் தாங்கும் கறுப்பு உறையுடன் கேட் 6 போட்டேன். மொட்டைமாடி வெயிலில் இன்றுவரை உறை வெடிக்கவில்லை. உண்மையில் ஒரு ஜிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்கு அதற்கு முந்தைய தரமான கேட் 5இ போதும். 100 மீட்டர் வரை அது தாங்கும். கேட் 6 வாங்கியது என் ஆசை.

தொல்லை எல்லாம் முனையில் மாட்டும் ஆர்ஜே45 கனெக்டரில்தான். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள்; ஒவ்வொன்றும் கனெக்டரில் ஒரு பின்னோடு சேர வேண்டும். கனெக்டரைக் கம்பிகளோடு அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் வாங்கி நானே அடித்த முதல் முனையில் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பார்க்க அழகாக அடுக்கினேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. வேகம் மட்டும் வரவில்லை. சரியான வரிசை வேறு: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து நின்று நீலத்தை நடுவில் வைத்துக்கொள்கிறது. 3, 6 ஆகிய பின்கள் ஒரே ஜோடியாக முறுக்கப்பட்டிருந்தால்தான் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சல் அடங்கும். என் அடுக்கில் அந்த இரண்டும் வெவ்வேறு ஜோடிக்குப் போய்விட்டன. மலிவு டெஸ்டர் கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டுமே பார்க்கும். எது எதனோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றேன்.

அடுத்து உப்பு. ஒருநாள் 300 மெகாபிட் இணைப்பில் 94-க்கு மேல் ஏறவே இல்லை. இணைய நிறுவனத்தோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். குற்றம் என் வீட்டில்தான். கடை முனையில் ஒரு பின் பச்சை பூத்திருந்தது. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என நான்கு பின்கள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று கெட்டால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடுகிறது; அதில் கைக்குக் கிடைப்பது 94 அளவுதான். அந்த 94-ஐப் பார்த்தால் இப்போது யாருக்கும் போன் செய்வதில்லை, கத்தரிக்கோலைத் தேடுகிறேன்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் வாசல் கேமரா இருண்டு கிடந்தது. அதற்குப் போகும் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகிறது. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் பின்களை அரிப்பு வேகமாகத் தின்றுவிடும். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், "தம்பி, கேபிளை நேராக உள்ளே விட்டிருக்கிறீர்களே, தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும்" என்றார். கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினார்; தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுகிறது. இணைப்பு ஒரு மூடிய பெட்டிக்குள் போனது. அதன் பிறகு கேமரா முனையைத் தொடவில்லை.

கடை முனையை மட்டும் ஒவ்வோர் ஐப்பசிக்கு முன்பும் வெட்டிப் புதிதாக அடிக்கிறேன். அதற்காகவே சுவரோரம் இரண்டு மீட்டர் சுருட்டி வைத்திருந்தேன். வீணான கிரிம்ப்களும் சேர்ந்து, இப்போது ஒரு முழம்தான் மிச்சம்.