பெண் குழந்தைகளுக்கான கால்பந்து கிளப்: பயிற்சிக்கு நான்கு நட்சத்திரம், நிர்வாகத்துக்கு ஒன்று

டாலஸுக்கு வடக்கே, பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் மகளைக் கால்பந்தில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகள் இன்னும் அந்தக் கிளப்பில்தான் ஆடுகிறாள் என்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். மேலும், நான் சொல்லப்போகும் குறை இந்த ஒரு கிளப்போடு நின்றுவிடுவதும் இல்லை. பக்கத்து மைதானங்களில் நிற்கும் பெற்றோரிடம் பேசினால் ஏறத்தாழ இதே கதையைக் கேட்கலாம்.

மகள் பிறந்தது 2014 அக்டோபரில். 12 வயதுக்கு உட்பட்டோர் அணியில் நடுக்களத்தில் ஆடுகிறாள். இந்தப் பருவத்துக்கு நாங்கள் கட்டிய கட்டணம் 2,450 டாலர். சீருடை, வெளியூர்ப் போட்டிகள், ஹோட்டல் செலவு எல்லாம் தனி. இவ்வளவு கொடுத்து ஒரு சேவையை வாங்குகிறவர்களுக்கு அதைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

பயிற்சியைப் பொறுத்தவரை கிளப்பை மனமாரப் பாராட்டுகிறேன். செவ்வாயும் வியாழனும் 75 நிமிடம் பயிற்சி. செயற்கைப் புல் மைதானம், நல்ல விளக்கு வெளிச்சம், கோல்கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சியாளர். மின்னல் தெரிந்தால் உடனே குழந்தைகளைக் கார்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கடைசி மின்னலுக்குப் பிறகு 30 நிமிடம் கழியாமல் யாரையும் மைதானத்தில் இறக்குவதில்லை. டெக்சாஸ் வசந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் பந்தைத் தலையால் முட்டக்கூடாது என்று அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இல் அறிவித்த விதியைச் சிறிய அணிகளில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். பெரியவர் யாரும் ஒரு குழந்தையோடு தனித்திருக்கக் கூடாது, குழந்தைக்கு அனுப்பும் செய்தியில் பெற்றோரையும் சேர்க்க வேண்டும் என்ற, விளையாட்டில் குழந்தைகளைத் துன்புறுத்தலிலிருந்து காக்கும் சேஃப்ஸ்போர்ட் விதிகளிலும் இதுவரை ஒரு தளர்வையும் நான் கண்டதில்லை.

இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் எங்களுக்குக் கிடைத்த கோச் அருமையான ஆசிரியர். ஆட்டம் நடக்கும்போது கத்தமாட்டார். இடைவேளையில் பெண்களை வட்டமாக உட்காரவைத்து, “நீங்கள் என்ன பார்த்தீர்கள்?” என்று முதலில் அவர்களைத்தான் கேட்பார். பந்து காலுக்கு வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதை என் மகளுக்கு வாரக்கணக்கில் பொறுமையாகப் பழக்கினார். இப்போது அவள் பந்தை வாங்கித் திரும்பும் விதத்தில் அந்தப் பழக்கம் தெரிகிறது. எந்தப் பெண்ணும் ஒரே இடத்தில் ஆடியதில்லை. தடுப்பாட்டக்காரி ஒரு வாரம் முன்னால் போவாள், முன்வரிசைக்காரி ஒரு வாரம் பின்னால் வருவாள். எல்லாருக்கும் குறைந்தது பாதி ஆட்டம் கிடைத்தது. இலையுதிர்காலப் பருவத்தில் அணி பட்டியலின் நடுவில் முடித்தது. பெண்கள் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓடி வந்தார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கிய வெள்ளிக்கிழமை இரவு ஒரு மின்னஞ்சல் வந்தது. கோச் கிளப்பிலிருந்து விலகுகிறார், அவருடைய சேவைக்கு நன்றி, புதிய பயிற்சியாளர் விரைவில் அறிவிக்கப்படுவார், விடுமுறை வாழ்த்துகள். மொத்தமே நான்கு வரி. நான் அதைப் படித்து முடித்து மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் தோழி ஒருத்தியின் செய்தி அவளுக்கு வந்துவிட்டது. “அம்மா, நாங்கள் தோற்றதாலா?” என்று கேட்டாள். விடைபெறும் பயிற்சி நாள் ஒன்றுகூட வைக்கவில்லை. அந்தப் பெண்கள் தங்கள் ஆசிரியருக்கு நன்றி சொல்லும் வாய்ப்பே இல்லாமல் போனது. இந்த விமர்சனத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்ள இங்குள்ள அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். கூட்டமைப்பு 2007-இல் தொடங்கிய டெவலப்மெண்ட் அகாடமி என்ற உயர்மட்ட இளையோர் லீக்கை 2020 ஏப்ரலில் மூடிவிட்டது. அதற்குப் பிறகு ஆண் பிள்ளைகளுக்கு எம்.எல்.எஸ். நெக்ஸ்ட், பெண்களுக்குக் கேர்ள்ஸ் அகாடமி என்று புதிய லீக்குகள் முளைத்தன. 2009 முதல் இருந்துவரும் ஈ.சி.என்.எல். என்ற உயர்மட்டக் கிளப்புகளின் தேசிய லீக் மேலும் வலுத்தது. சீருடையில் எந்த லீக்கின் முத்திரை இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் கிளப்பைத் தேர்ந்தெடுக்கின்றன. ஈ.சி.என்.எல். ஆட்டங்கள் 13 வயதுப் பிரிவில் தொடங்குகின்றன. ஆகவே 12 வயது அணி, கற்றுக்கொள்ளும் அணி என்பதிலிருந்து பொறுக்கி எடுக்கும் அணியாக மாறிவிடுகிறது. எங்கள் பயிற்சி இயக்குநர் வசந்த காலத்தில் டிவிஷன் ஏற வேண்டும், நான்கு பெண்களின் ஆட்ட நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கோச் மறுத்திருக்கிறார். இதைப் பிறகு நடந்த கூட்டத்தில் இயக்குநரே சொன்னார்.

மின்னஞ்சல் வந்த இரவிலிருந்து வாட்ஸ்ஆப் குழு ஓயவில்லை. பாதிப் பேர் கோச் திரும்பி வர வேண்டும் என்றார்கள். மீதிப் பேருக்கு மாற்றம் பிடித்திருந்தது. அவர்களில் ஒருவர் தமிழர், அவர் மகள் எங்கள் அணியிலேயே வேகமானவள். “அக்கா, எல்லாரும் சமமாக ஆடுவதற்கு ஊர் லீக் இருக்கிறது. இங்கே இவ்வளவு பணம் கட்டுவது பிள்ளை முன்னேறத்தானே?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1964-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற இளையோர் கால்பந்து அமைப்பு, ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. கட்டணமும் போட்டிக் கிளப்புகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அது ஒரு வாக்குறுதி, போட்டிக் கிளப்பின் வாக்குறுதி வேறு. வேகமாக ஓடும் பெண்ணுக்குக் கடினமான எதிரணி வேண்டும் என்று அவள் அப்பா கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் எங்கள் கிளப்பின் கையேட்டிலேயே, 12 வயது வரை எல்லாருக்கும் பாதி ஆட்டம் உண்டு என்று எழுதியிருக்கிறது. மே மாதம் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு முடிந்து கையெழுத்திட்டபோது நாங்கள் வாங்கியது அந்தக் கையேட்டில் உள்ள சேவையைத்தான். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அந்தத் தமிழ் அப்பாவுக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்துப் பதில் எழுதினார்: “அப்படியென்றால் முதலில் கையேட்டை மாற்றி, எல்லாருக்கும் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும், அக்கா.” கோச் விஷயத்தில் அவரும் நானும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நிர்வாகம் நடந்துகொண்ட விதம் தவறு என்பதில் எங்களுக்குள் துளியும் வேறுபாடு இல்லை.

என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. தனியாக அழைத்து ஆதரவு சொன்னவர்கள் பலர், இதைப் பற்றிக் கிளப்புக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் சிலரே. “நாம் பேசினால் பிள்ளையைத்தான் பெஞ்சில் உட்கார வைப்பார்கள்” என்று ஒரு அம்மா அழாத குறையாகச் சொன்னார். கிளப் அப்படி யாரையும் மிரட்டியதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். மிரட்டாமலேயே அந்தப் பயம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆட்ட நேரத்தை முடிவு செய்கிறவரிடமேதான் புகாரும் கொடுக்க வேண்டும் என்று அமைப்பு இருக்கும்வரை அது போகாது. கோபித்துக்கொண்டு விலகுவதும் எளிதில்லை. பருவம் முடியும்வரை குழந்தையின் பதிவு கிளப்பிடம் இருக்கிறது, நடுவில் விலகினாலும் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஒரு குடும்பம் மட்டும் மீதிப் பணத்தைக் கட்டிவிட்டுப் போனது.

ஜனவரியில் ஒரு பெற்றோர் பொது நூலகத்தில் அறை எடுத்துக் கூட்டம் கூட்டினார். இயக்குநரும் நிர்வாகக் குழுத் தலைவரும் வந்தார்கள். வராமல் இருந்திருக்கலாம், வந்தார்கள், அதற்கு நன்றி. எங்களுக்குத் தகவல் சொல்லாதது ஏன் என்று கேட்டபோது தலைவர், பயிற்சியாளர் நியமனம் இயக்குநரின் அதிகாரம், குழு அதில் தலையிடுவதில்லை என்றார். இயக்குநர், பெற்றோருக்குத் தெரிவிப்பது குழுவின் பொறுப்பு என்றார். இரண்டு பேரும் ஒரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இதைச் சொன்னார்கள். முடிவெடுத்தவர் ஒருவர், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னொருவர், இருவருக்கும் நடுவில் 11 வயதுப் பெண்கள்.

அன்றிரவே கிளப்பின் துணைவிதிகளை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு குடும்பமும் உறுப்பினர். ஆண்டுக் கூட்டத்தில் ஒரு வாக்கு உண்டு. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பதே நாம்தான்! ஆனால் அந்தக் கூட்டம் ஜூலையில், நம்மில் பலர் குழந்தைகளோடு ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில், வார நாள் மாலையில் நடக்கிறது. குழுவில் ஏழு பேர், அவர்களில் ஐவரின் பிள்ளைகள் கிளப்பின் உயர்மட்ட அணிகளில் ஆடுகிறார்கள். அவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் மைதானத்தில் கோடு போடுவதும் அவர்களில் சிலர்தான். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் கீழ்மட்ட அணிகளின் குரல் அந்த அறையில் இல்லை. லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவான கிளப்புகள் ஐ.ஆர்.எஸ். என்ற அமெரிக்க வரித் துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் 990 படிவமும் பொதுப் பார்வைக்கு உரியது. வரவு செலவு, குழு உறுப்பினர்களின் பெயர்கள், உயர் ஊதியம் பெறுவோர் விவரம் எல்லாம் அதில் இருக்கும். சேருமுன் அதைப் படியுங்கள், அரை மணி நேரம் போதும்.

கூட்டத்தால் பலன் இல்லாமல் போகவில்லை. குழந்தைகளின் பாதுகாப்பு சம்பந்தப்படாத எந்தப் பயிற்சியாளர் மாற்றத்துக்கும் இரண்டு வாரம் முன்னறிவிப்பு, ஒரு விடைபெறும் பயிற்சி, ஆண்டுக் கூட்டம் செப்டம்பருக்கு மாற்றம் என்று மூன்றையும் தலைவர் ஒப்புக்கொண்டார். இன்னும் எழுத்தில் வரவில்லை.

புதிய கோச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரியில் ஆடிவிட்டு வந்த இளம்பெண். ஒன்பது பேர் ஆட்டத்துக்கான கூட்டமைப்பின் அடிப்படை உரிமம் வைத்திருக்கிறார். மூன்று அணிகளை அவர் தலையில் கட்டியிருப்பதால் செவ்வாய்களில் தாமதமாகத்தான் வந்து சேர முடிகிறது. என் மகளுக்குப் பெண் பயிற்சியாளர் கிடைப்பது இதுவே முதல் முறை, அவரை அண்ணாந்து பார்க்கிறாள். சில பெற்றோர் பழைய கோபத்தை எல்லைக் கோட்டருகே நின்று இவர்மீது கொட்டினார்கள். அவர்களில் ஒருவரிடம் நேராகவே போய் நிறுத்தச் சொன்னேன். முடிவெடுத்தது இந்தப் புதிய கோச் இல்லை. அணி டிவிஷன் ஏறியது, அதுவும் உண்மை. அந்த நான்கு பெண்களுக்கு இப்போது ஆட்டத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் கிடைக்கிறது. அவர்களில் ஒருத்தி கால்பந்தையே விட்டுவிட்டாள். இலையுதிர்காலத்தில் என் மகளின் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருந்தவள்.

இந்த மே மாதத் தேர்வுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2026-27 பருவத்திலிருந்து வயதுப் பிரிவைக் காலண்டர் ஆண்டுக்குப் பதிலாக ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை கணக்கிடுகிறார்கள். என் மகளைப் போல 2014 அக்டோபரில் பிறந்தவர்கள் இன்னொரு வருடம் 12 வயதுப் பிரிவிலேயே ஒன்பது பேர் ஆட்டத்தில் இருப்பார்கள். அதே ஆண்டு மார்ச்சில் பிறந்த தோழி 13 வயதுப் பிரிவுக்கும் பதினொரு பேர் ஆட்டத்துக்கும் போய்விடுவாள். இருக்கிற அணிகள் எல்லாம் கலைந்து புதிதாக அமையும். எந்த அணிக்கு எந்த கோச் என்பதைக் கிளப்புகள் வழக்கத்தைவிட அதிகமாக இந்த ஆண்டு மாற்றும். இடம் கொடுத்தபின் 48 மணி நேரத்தில் முன்பணம் கட்டச் சொல்வார்கள், அப்போது கேள்வி கேட்க நேரம் இருக்காது.

அதனால் இப்போதே இயக்குநருக்கும் தலைவருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். என் மகளின் கோச் யார், பருவத்தின் நடுவில் அவரை மாற்ற நேர்ந்தால் எங்களிடம் வந்து காரணம் சொல்லப்போகிறவர் யார், பாதி ஆட்டம் என்ற வரி அடுத்த கையேட்டிலும் இருக்குமா என்று கேட்டிருக்கிறேன். பதில் எழுத்தில் வந்தபிறகே முன்பணம் கட்டுவேன்.