டோக்கன் காபி: அல்சூரில் ரெண்டரை வருஷ அனுபவம்

பெங்களூர் அல்சூர் மார்க்கெட் பக்கம் தர்ஷினி ஒன்று, நின்றுகொண்டே சாப்பிட்டுக் குடிக்கிற சின்ன ஓட்டல். ரெண்டரை வருஷமாகக் காலைக் காபி எனக்கு அங்கேதான். கடை பெயர் வேண்டாம், ஒரு குறையும் சொல்லப் போகிறேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்த பலகை இருக்கும். ஒரு காபி குடித்துவிட்டு ரெண்டுக்குக் காசு கொடுத்தால் பித்தளை டோக்கன் ஒன்று தருவார்கள், அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக் காபி போடுகிறவரிடம் கொடுத்தால் காபி வரும், யார் என்ன என்று ஒரு கேள்வி கிடையாது. இத்தாலியில் நேப்பிள்ஸ்காரர்கள் இதைக் 'காஃபே சொஸ்பேசோ' என்கிறார்களாம். பை-டூ சொல்லி ஒரு காபியை ரெண்டு பேர் குடிக்கிற பெங்களூருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

காலை ஐந்தரைக்குக் கடை திறக்கும். தெரு பெருக்க வரும் பௌரகார்மிகப் பெண்கள், பூக்கார அம்மா, ராத்திரி டூட்டி முடித்த செக்யூரிட்டி என்று ஆறரைக்குள் பலகை காலி. ஒருநாள் கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒருத்தர் டோக்கன் எடுத்ததைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன்.

2025 ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது, காபிக்கொட்டை அதற்கு முன்னாலேயே ஏறியாச்சு, கடையில் 20 ரூபாய்க் காபி 25 ஆனது. பழைய விலைக்கு மாட்டிய டோக்கன் என்னாகும் என்று கல்லாவில் இருக்கும் அக்காவிடம் கேட்டேன். "அதுல விலையா எழுதியிருக்கு தம்பி, காபின்னுதானே எழுதியிருக்கு" என்றார்.

சரி, குறைக்கு வருகிறேன். அந்த மழைக்காலத்தில் ஒருநாள் போன் செத்துப்போச்சு, பர்ஸும் வீட்டில். டோக்கன் எடுக்கக் கை போகவே இல்லை, யாராவது பார்க்கிறார்களா என்று ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தேன், நானும்தான் ஐடி கார்டு மாட்டியிருந்தேன். எப்படியோ எடுத்துக் கொடுத்தால், வந்தது ரெண்டாம் டிகாஷன். நிறம் இருக்கிறது, மணமே இல்லை. அப்படியென்றால் இத்தனை நாள் நான் யாருக்கோ இதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற பூக்கார அம்மாவிடம் சொன்னால், "எங்களுக்குத் தெரியும்ப்பா, ஓசியில குடிச்சிட்டுக் குறை சொல்ல முடியுமா?" என்கிறார்.

கல்லா அக்காவிடம் சொன்னேன், அவருக்கு நிஜமாகவே தெரியாது. காபி போடுகிறவர் தன் பாட்டுக்கு மிச்சம் பிடித்திருக்கிறார். மறுவாரமே அக்கா முறையை மாற்றிவிட்டார்: டோக்கனைக் கல்லாவில் கொடுத்தால் எல்லோருக்கும் போல அதே பில் சீட்டு. எது டோக்கன் காபி, எது காசுக் காபி என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

மாட்ட நினைக்கிறவர்கள் சாயங்காலம் போய் மாட்டுங்கள், காலையில் தேவைப்படுகிறவர்களுக்கு அப்போதுதான் கிடைக்கும். போன வாரம் பூக்கார அம்மா டம்ளரைத் திருப்பி நீட்டி, "இன்னும் கொஞ்சம் டிகாஷன் ஊத்துப்பா" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.