ஒளிரும் பாக்டீரியா நச்சுச் சோதனைப் பெட்டி: கழிமுக நீருக்கு எவ்வளவு பொருந்தும்?

கழிமுகத்தில் எடுத்த நீரை வேதியியல் பகுப்பாய்வுக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வகங்களுக்கு, அந்த நீர் உயிருக்குக் கெடுதல் செய்யுமா என்பதை அரை மணி நேரத்தில் காட்டிவிடும் எந்தச் சாதனமும் கவர்ச்சியாகவே தோன்றும். ஒளிரும் பாக்டீரியாவைக் கொண்டு நச்சுத்தன்மையை அளக்கும் சிறிய சோதனைப் பெட்டி ஒன்றை எங்கள் ஆய்வகம் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறது. ஆலைக் கழிவுநீரைப் பொறுத்தவரை இதன் பயன் ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டது. ஆறும் கடலும் கலக்கும் இடத்து நீருக்கும் சேற்றுக்கும் இது எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

சோதனையின் அடிப்படை எளிமையானது. அலிவிப்ரியோ ஃபிஷ்ஷெரி (பழைய நூல்களில் விப்ரியோ ஃபிஷ்ஷெரி) என்னும் கடல் பாக்டீரியா, லூசிஃபெரேஸ் நொதியின் உதவியால் நீலப்பச்சை ஒளியை வெளியிடுகிறது. அந்த ஒளி அதன் சுவாச வினைகளோடு பிணைந்திருப்பதால், நஞ்சு உயிரணுவின் இயக்கத்தைத் தாக்கும்போது ஒளியும் மங்குகிறது. உறைய வைத்து உலர்த்திய பாக்டீரியாக் குப்பி, அதை உயிர்ப்பிக்கும் திரவம், உப்புக் கரைசல், 15 பாகை செல்சியஸில் நிற்கும் குளிர்க்கட்டை, ஒளிமானி ஆகியவை பெட்டியில் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 11348 தரமுறையைப் பின்பற்றியே இது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மீன்களையோ இறால் குஞ்சுகளையோ வளர்த்துப் பராமரிக்கும் வேலை இல்லை. சில மில்லிலிட்டர் மாதிரி போதும். புதிதாகச் சேர்ந்த உதவியாளரும் விரைவில் கற்றுக்கொள்கிறார். குப்பிகளை உறைபெட்டியில் வைத்தாக வேண்டும் என்பதும், உயிர்ப்பித்த பாக்டீரியாவைச் சில மணி நேரத்துக்குள் செலவழித்துவிட வேண்டும் என்பதும் படகில் வைத்துச் செய்ய நினைப்பவர்களைத் தடுக்கும்.

பெட்டியுடன் வரும் சுருக்கக் கையேடு, 5 நிமிட அளவீடே போதும் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. பீனால் போன்ற கரிமச் சேர்மங்களுக்கு அது ஏறக்குறைய சரிதான். துத்தநாகம் போன்ற உலோகங்களின் விளைவோ மெதுவாகவே வெளிப்படும். துறைமுகத்தை ஒட்டிய நீரில் உலோகங்களைத் தேடுபவர் 30 நிமிடம் காத்திருப்பதே முறை.

இனி உப்புக்கு வருகிறேன். கழிமுகத்தில் இந்தச் சோதனை சோதனைக்குள்ளாகும் இடம் இதுதான். இந்தப் பாக்டீரியாவுக்குச் சுமார் 2 சதவீத உப்பு தேவை. ஓதம் வற்றிய வேளையில் எடுத்த நீர் ஏறக்குறைய நன்னீராக இருக்கும். அதே இடத்தில் ஓதம் ஏறியபின் எடுத்தது கடல்நீருக்கு நெருங்கியிருக்கும். முதல் மாதிரிக்கு உப்பைச் சேர்த்துச் சமன் செய்யுமாறு கையேடு சொல்கிறது. ஆனால் உப்பிலுள்ள குளோரைடு, காட்மியம் போன்ற உலோகத்தின் தனி அயனிகளைப் பிணைத்து, அவை உயிரணுவுக்குக் கிடைக்கும் அளவைக் குறைத்துவிடுகிறது. ஆகவே நன்னீர்ப் பக்கத்தில் உண்மையில் இருந்த நச்சு, சோதனைக் குழாய்க்குள் தணிந்து தெரியக்கூடும். இது உற்பத்தியாளரின் பிழை அன்று, உயிரியின் இயல்பு. இருந்தும் கழிமுகங்களுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்யும் பெட்டியின் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

கலங்கல் நீர் இன்னொரு தொல்லை. மிதக்கும் துகள்களும் சதுப்பிலிருந்து வரும் பழுப்பு நிறமும் ஒளியை மறைக்கின்றன. ஒளிமானி அதை நஞ்சின் வேலையாகவே கணக்கிடும். வடிகட்டினால் கலங்கல் தீர்கிறது, ஆனால் துகளில் ஒட்டியிருந்த மாசும் அதனுடன் போய்விடுகிறது. நிறத் திருத்தத்துக்காகத் தரப்பட்டிருக்கும் இரட்டைக் குழாய் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான்.

சேற்றைச் சோதிக்கும் கூடுதல் தொகுப்பைப் பற்றி என்னால் அவ்வளவு தாராளமாக எழுத முடியாது. நுண்ணிய களிமண் துகள்களில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்வதால், மாசே இல்லாத களிச்சேறும் மணலைவிட நச்சு மிக்கதாகத் தோன்றும். ஆக்சிஜன் அற்ற கருஞ்சேற்றில் இயல்பாகவே உண்டாகும் சல்ஃபைடும் இந்தப் பாக்டீரியாவுக்கு நஞ்சு. அதற்கு நேர்மாறாக, பல கடல் விலங்குகளை வதைக்கும் அமோனியாவை இது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. தூய அலையாத்திச் சேற்றைக் குற்றவாளியாக்கிவிட்டு, அமோனியா மிகுந்த சாக்கடைச் சேற்றை ஓரளவு தப்பவிடக்கூடிய சோதனையின் முடிவை மட்டும் நம்பி யார் அறிக்கை எழுதுவது?

நீர் மாதிரிகளிலும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. மாதிரியும் பாக்டீரியாக் கரைசலும் சரிபாதியாகக் கலக்கப்படுவதால் ஏற்கெனவே நீர்த்திருக்கும் கழிமுக நீர் மேலும் நீர்த்துப்போகிறது. பெரும்பாலான மாதிரிகளில் எந்த விளைவும் தெரியாது. ஊட்டப்பொருள் மிகுந்த சில மாதிரிகளில் ஒளி கூடுவதும் உண்டு. ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் டையூரான் போன்ற களைக்கொல்லிகளுக்கு இந்தப் பாக்டீரியாவில் தாக்குமிடமே கிடையாது. கப்பல் பூச்சுகளில் சேர்க்கப்பட்ட டிரைபியூட்டைல்டின், லிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்புகளை முளைக்கச் செய்தது. பாக்டீரியாவின் ஒளி மங்குவதற்கு அதைவிடப் பல மடங்கு செறிவு வேண்டும். வளர்ச்சி, இனப்பெருக்கம், மரபுப்பொருள் ஆகியவற்றில் மெல்ல நேரும் கேட்டை அறிய ஆளி என்னும் சிப்பி வகையைக் கூண்டில் வைத்து நீரில் இறக்கி, வாரங்கள் கழித்து அவற்றின் உயிரணுக்களைப் பார்ப்பதற்கு மாற்று இப்பெட்டியில் இல்லை. சிப்பியின் கருவளர்ச்சிச் சோதனை 24 மணி நேரம் பிடித்தாலும், கடல்நீரில் வாழும் விலங்கின் வளர்ச்சியையே நேரடியாகக் காட்டுவதால் பல வேளைகளில் அதையே முதலில் செய்யச் சொல்வேன்.

பல வடிகால்கள் கலக்கும் நீண்ட கரையில் எதை முதலில் தோண்டித் துருவுவது என்று தீர்மானிக்க வேண்டியவர்களுக்கும், கசிவோ விபத்தோ நேர்ந்த அன்றே ஒரு விடை தேவைப்படுபவர்களுக்கும் இப்பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆண்டு முழுவதும் ஒரே கழிமுகத்தின் நலனைப் பின்தொடர்பவர்கள் இதை மட்டும் வாங்கினால் ஏமாறுவார்கள். வாங்குபவர்கள், பெட்டியில் வரும் உப்புக் கரைசலை மட்டும் ஒப்பீட்டு மாதிரியாகக் கொள்ளாமல், மாசற்ற கடல்நீரைத் தங்கள் மாதிரியின் உப்புத்தன்மைக்கே நீர்க்கச் செய்து ஒன்றும், அதே துகள் அளவுள்ள தூய சேற்றில் ஒன்றுமாகத் தாங்களே தயாரித்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் சேர்த்து வைக்க வேண்டும். பெட்டியில் அவற்றுக்கான குழாய்கள் போதாது, கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.