சசேத் ஆப்: மெட்டு ஏறி இறங்குகிறவன் பார்வையில்

காலையில் கம்பத்திலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்கி விடுவது என் பிழைப்பு. செக்போஸ்ட் தாண்டினால் போனில் கேரளா டவர். மழைக்காலத்தில் எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு விஷயம்தான்: இந்தப் பக்கம் தேனிக்கு என்ன எச்சரிக்கை, அந்தப் பக்கம் இடுக்கிக்கு என்ன. ஒன்று தெரிந்து ஒன்று தெரியாமல் கிளம்பினால் பாதி மலையில் மண் சரிந்து, பத்துப் பொம்பளைகளோடு ராத்திரி ஜீப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இத்தனை நாள் இதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்தது. அதன் லட்சணம் தெரியும். 2018 ஆகஸ்டில் முல்லைப்பெரியாறு 142 அடியைத் தொட்டபோது, அணை உடைந்துவிட்டது என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றியது. யார் பேசினது, எங்கிருந்து என்று ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் தோட்டத்தில் பாதிப் பேர் அழுதுகொண்டு நின்றார்கள்.

சசேத், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப். இந்தியில் விழிப்போடு இருப்பது என்று அர்த்தம், ஆனால் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் ஷாம்பு பாக்கெட் ஞாபகம்தான் வருகிறது. பின்னால் ஓடுகிற சிஸ்டத்தைச் செய்தது சி-டாட், 1984ல் ஆரம்பித்த மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிலையம், கிராமத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்த அதே ஆட்கள். வானிலைத் துறை, மத்திய நீர் ஆணையம், காட்டுத்தீயைப் பார்க்கிற வனத் துறை நிறுவனம் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதிக்கொண்டிருந்த எச்சரிக்கைகள் இப்போது கேப் (CAP, காமன் அலர்ட்டிங் புரோட்டோகால்) என்கிற ஒரே படிவத்தில் வருகின்றன. என்ன ஆபத்து, எந்த இடம், எத்தனை மணி வரை, எவ்வளவு கடுமை என்று கட்டம் கட்டமாக இருக்கும். அனுப்ப அதிகாரம் உள்ள துறை மட்டும்தான் அனுப்ப முடியும், கண்டவனும் வாய்ஸ் போட முடியாது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஆப்பில் நான் தேனி, இடுக்கி ரெண்டையும் போட்டு வைத்திருக்கிறேன். தமிழ் இருக்கிறது, வாசித்தும் காட்டும், வண்டி ஓட்டுகிறவனுக்கு அது சௌகரியம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வருகிற மழை எச்சரிக்கை மாவட்டத்துக்கே மொத்தமாகத்தான் வரும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூணாறும் வண்டன்மேடும் ஒரே இடுக்கி, ஆனால் ஒரே மழை இல்லை.

சரி, ஆப்புக்கு இணையம் வேண்டும். இணையம் இல்லாமலே வருவது செல் பிராட்காஸ்ட், அதுவும் சி-டாட் வேலைதான். 2023 அக்டோபர் 20ஆம் தேதி தமிழ்நாட்டில் சோதித்தார்கள். வீட்டில் போன் அலறியதென்று மனைவி சொன்னாள். நாங்கள் மேலே இருந்தோம், ஒன்றும் வரவில்லை. 31ஆம் தேதி கேரளாவில் சோதனை. காய் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் இடுப்பில் செருகியிருந்த போன்கள் ஒன்றுமாற்றி ஒன்று கத்த ஆரம்பித்தன. ஒரு அக்கா கூடையைப் போட்டுவிட்டு, "ஏப்பா, குண்டு கிண்டு வச்சிட்டாய்ங்களா?" என்று ஓடி வந்தார். எல்லாம் தமிழ்நாட்டு சிம். இது சிம்மையோ நம்பரையோ பார்ப்பதில்லை, டவரைப் பார்க்கிறது. அந்த டவரின் வட்டத்துக்குள் எந்தப் போன் இருந்தாலும் ஒரே மூச்சில் போய்ச் சேரும், எஸ்எம்எஸ் மாதிரி வரிசையில் நிற்காது, நம் நம்பர் யாருக்கும் போவதும் இல்லை. எல்லையில் தினம் இரண்டு மாநிலத்தில் மூச்சு விடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக யோசிக்க முடியாது.

ஆனால் டவர் உயிரோடு இருக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்ட லயன்கள் புதைந்தன. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. எங்கள் தோட்டத்துப் பக்கமும் ஒரு டவர் இருக்கிறது, கம்பெனி பெயர் வேண்டாம். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் அதுவும் படுத்துவிடும். டீசல் இல்லையாம், பேட்டரி போச்சாம், கேட்டால் மாற்றி மாற்றிக் கதை. ஆராய்ச்சி எவ்வளவு நன்றாக இருந்து என்ன? இப்போது கேரளாவில் 2025 ஜனவரியிலிருந்து கவசம் என்ற பெயரில் சைரன்கள் வைத்திருக்கிறார்கள். மலையில் அந்த மாதிரி ஒன்று கூடவே இருந்தால்தான் தூங்கலாம்.

ஆப்புக்கு என் மார்க் பத்துக்கு ஏழு. போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன்னால் போன் செட்டிங்ஸில் செல் பிராட்காஸ்ட் வருவதற்கான வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். என் பழைய போனில் கடைக்காரப் பையன் எதற்கோ அதை அணைத்துத் தந்திருந்தான். போன ஞாயிறு ஜீப்பில் வருகிறவர்களின் போனையெல்லாம் வாங்கிப் பார்த்தேன், நாலு போனில் ஆஃப். பழைய பட்டன் போன் மூன்றில் அந்த இடமே இல்லை, அவர்களுக்கு நான்தான் சொல்லி ஆக வேண்டும். குண்டு என்று ஓடி வந்த அக்கா மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொன்னார், மாடு மிரளுதாம்.