குற்றாலம் ஒருநாள் வேன் டூர், பென்ஷன்காரவியளுக்கு ஒத்து வருமா?

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். அந்த ரெண்டும் டிரைவர் தம்பிக்கு, கம்பெனிக்கு இல்ல. கம்பெனி பேரு போட மாட்டேன், ஏன்னா திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இதே மாதிரி பிளக்ஸ் வச்சிருக்கவிய நெறைய பேரு இருக்காவ, எல்லாரு லிஸ்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஒருத்தரத் திட்டி என்ன ஆகப்போவுது. சீசன் ஆரம்பிச்சு சாரல் விழ ஆரம்பிச்சா போதும், சீனியர் சிட்டிசன் ஸ்பெஷல்னு போட்டு விடியக்காலம் ஏத்தி ராத்திரி வீட்டு வாசல்ல எறக்கி விடுத பேக்கேஜ் இது. நான் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, எங்க அத்தான் கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்தவிய. எனக்கு முட்டி வலி, அவியளுக்கு சுகர். ஊர் சுத்துத ஆச மட்டும் ரெண்டு பேருக்கும் கொறையல, பிள்ளைய எல்லாம் வெளியூர்ல, வீட்ல டிவியப் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம்தான் இருக்க.

லிஸ்ட்டப் பாருங்க. பாபநாசம் கோயில், அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு டேம், தென்காசி கோயில், மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சாரல் விழா, செங்கோட்டை பக்கத்துல கேரளா பார்டர்ல சாப்பாடு, திரும்பி வரும்போது அல்வா. இம்புட்டும் ஒரே நாள்ல. பேப்பர்ல பாத்தா குடுத்த காசுக்கு நெறைய கெடைக்கும்னுதான் தோணும், அத்தானுக்கும் அப்பிடித்தான் தோணிச்சு, ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சத்துக்கு பத்து எடமான்னு சந்தோசமா போன் போட்டுச் சொல்லிட்டாவ.

வண்டி டெம்போ டிராவலர். ஏசி நல்லா வேல செஞ்சுது, சீட்டும் மோசமில்ல, ஆனா ஏறுத படி எம்புட்டு ஒசரம் தெரியுமா, முட்டி வலிக்காரி ஏறணும்னா கம்பியப் புடிச்சு ஒரு தொங்கு தொங்கணும். சீனியர் சிட்டிசன்னு போட்டவன் ஒரு சின்ன ஸ்டூல் வச்சிருக்கலாம்ல? அந்த டிரைவர் தம்பி தான் ஒவ்வொரு எடத்துலயும் எறங்கி வந்து, ஆச்சி கையக் குடுங்கன்னு புடிச்சு ஏத்தி விட்டுச்சு. அதுக்குத்தான் ஸ்டார். ஏறுன ஒடனே வெல்கம் கிட்னு ஒரு பை குடுத்தாவ, அதுல பிஸ்கட், ஒரு பிளாஸ்டிக் தண்ணி பாட்டில், ரெண்டு பாக்கெட் ஷாம்பு. அருவில சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் போடக் கூடாதுன்னு கோர்ட்டே தடை போட்டு வருசமாச்சு, குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போறவனுக்கு இது தெரியாதா? பாபநாசம் செக்போஸ்ட்டுல வனத்துறைக்காரவிய வண்டில ஏறி பையத் தொழாவி பாட்டில வாங்கி வச்சுக்கிட்டாவ, ஷாம்பையும் எடுத்துக்கிட்டாவ. கிட்டுல மிச்சம் பிஸ்கட் தான்.

பாபநாசம் எனக்கு ரெம்பப் புடிச்ச எடம். கோயிலுக்கு முன்னால தாமிரபரணிப் படித்துறை, மீனு கூட்டங்கூட்டமா வந்து நிக்கும், பொரி வாங்கிப் போட்டா தண்ணியே கொதிக்குத மாதிரி இருக்கும். அங்கன அரைமணி நேரம் ஒக்காந்தாலே வந்த காசு செமிச்சிரும். எங்களுக்குக் குடுத்தது இருவது நிமிசம், அதுல சாமி கும்பிடணும், பாத்ரூம் போவணும், மீனுக்கும் பொரி போடணும். அகஸ்தியர் அருவில படி எறங்கி ஏறணும், நான் எறங்கல, மேல நின்னு சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டேன். மணிமுத்தாறு டேமப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, வண்டிய ஓரமா நிப்பாட்டி ஜன்னல் வழியா காட்டுனாவ.

அடுத்து தென்காசி. காசி விஸ்வநாதர் கோயில் ராசகோபுர வாசல்ல காத்து எப்பிடி வீசும்னு போனவியளுக்குத் தெரியும், உள்ள நுழைஞ்சா சேலையப் புடிச்சுக்கிடணும், பொதிகைல இருந்து வார காத்து அப்பிடியே மூஞ்சில வந்து அடிக்கும். பராக்கிரம பாண்டியன் கட்டுன கோயிலு, கோபுரம் பாழாக் கெடந்து 1990ல திரும்ப எழுப்புனது. இத எல்லாம் எங்கூட வந்த ஒரு அக்காளுக்குச் சொல்லிக்கிட்டே எறங்குதோம், நட சாத்திட்டாவ. மணி பன்னெண்டரை. இந்தப் பக்கத்துக் கோயில்ல உச்சிக்கு நட சாத்துவாவ, சாயங்காலம் தான் தெறப்பாவன்னு பச்சப்புள்ளைக்குக்கூட தெரியும், டைம் டேபிள் போட்டவியளுக்குத் தெரியல. வெளியில நின்னு ஒரு குரூப் போட்டோ எடுத்துட்டு ஏறுங்க ஏறுங்கன்னுட்டாவ. பக்கத்து சீட்டு பெரியவர் ஒருத்தர், இது கோயில் டூரா கதவு டூராவேன்னு கேட்டாரு, வண்டியே சிரிச்சுது.

மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்கு. சுகர்க்காரவிய வண்டில எத்தன பேரு இருந்திருப்பாவ, ஒருத்தராவது யோசிக்கண்டாமா? நான் கைல முறுக்கும் வாழப்பழமும் வச்சிருந்ததால அத்தானுக்கு ஒண்ணும் ஆவல. சாப்பாடு அளவுச் சாப்பாடு, குழம்பு ஒரு கரண்டிக்கு மேல கேட்டா சப்ளையர் மொறைக்கான். வண்டிக்காரங்களுக்கு அங்க தனி டேபிள்ல தனிக் கவனிப்பு, என்ன ஏற்பாடுன்னு நாமளே புரிஞ்சுக்கிட வேண்டியதுதான்.

அருவியப் பத்தி நான் கொற சொல்லவே மாட்டேன். ஐந்தருவில பொம்பளைகளுக்குத் தனி எடம், கம்பி போட்டிருக்காவ, புடிச்சுக்கிட்டு நின்னா தோள்பட்டைல தண்ணி வந்து விழுதது பாருங்க, எந்த டாக்டரும் அந்த மாதிரி புடிச்சு விட மாட்டாரு. ஆனா வரிசைல நின்னு உள்ள போயி, குளிச்சு, ஈரச் சேலையோட வெளிய வந்து, துணி மாத்த எடம் தேடி, மறுபடி வண்டிக்கு நடந்து வாரதுக்கு முக்கா மணி நேரம் எப்பிடிப் பத்தும்? வயசுப் புள்ளைகளுக்கே பத்தாது. மெயின் அருவில அன்னைக்கு தண்ணி கூடி அருவிக்கு முன்னால இருக்க பாதுகாப்பு ஆர்ச்சத் தொட்டுருச்சு, போலீஸ்காரவிய குளிக்கத் தடை போட்டுட்டாவ, அது யாரு கையிலயும் இல்ல. அந்த நேரத்துலயாவது பக்கத்துல இருக்க சித்திரசபைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். நடராசருக்கு அஞ்சு சபைல ஒண்ணு இது. சிதம்பரம் பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், திருவாலங்காடு ரத்தினசபை, நம்ம நெல்லையப்பர் கோயில் தாமிரசபை, அப்புறம் குற்றாலம் சித்திரசபை. இங்க சாமி செலையா இல்லாம சுவத்துல சித்திரமா இருப்பாரு. லிஸ்ட்டுல இல்ல மேடம்னு சொல்லி பழைய குற்றாலத்துக்கு ஓட்டிட்டுப் போயிட்டாவ, அங்கன கூட்டத்தப் பாத்துட்டு வண்டிலயே ஒக்காந்திருந்தோம்.

சாரல் விழாதான் வயித்தெரிச்சல். கலைவாணர் அரங்கத்துல அரசாங்கம் நடத்துதது, டிக்கெட் கெடையாது, கரகம், வில்லுப்பாட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைய டான்ஸு, ஒரு நாளு கொழுகொழு குழந்தை போட்டி, ஒரு நாளு நாய்க் கண்காட்சின்னு கலந்து கட்டி இருக்கும். நாங்க போயி ஒக்காரவும் கரகாட்டம் முடியவும் சரியா இருந்துச்சு. அடுத்து வில்லுப்பாட்டுன்னு மைக்குல சொல்லுதாவ, குடத்தக் கொண்டாந்து வைக்கோல் பிரிமணைல ஒக்கார வைக்காவ, வில்ல எடுத்து சாத்துதாவ, அத்தானுக்கு மொகம் அப்பிடி மலந்துச்சு. தோள்ல ஒரு தட்டு. டைம் ஆச்சு சார், கெளம்புங்க. எங்க அத்தான் வாழ்க்கைல யாரையும் அதிர்ந்து பேசாதவிய, அன்னைக்கு மட்டும் நீரு போம்வே, நான் பஸ்ஸுல வந்துக்கிடுதேன்னு சொல்லிட்டாவ. அப்புறம் நான்தான் சமாதானம் பண்ணி ஏத்துனேன், ராத்திரி நேரத்துல பஸ்ஸுக்கு எங்கன போயி நிக்க.

பார்டர்ல எறக்கி விட்டது எல்லாரும் சொல்லுத கட இல்ல, அதுக்கு ரெண்டு மூணு கட தள்ளி ஒண்ணு. புரோட்டா ஆறிப் போயிருந்துச்சு. அல்வாவும் அப்பிடித்தான். இருட்டுக்கட சாயங்காலம் தெறந்து கொஞ்ச நேரத்துலயே தீந்துரும், ராத்திரி பத்து மணிக்கு அங்க என்ன இருக்கும்? ரோட்டோரத்துல ஏதோ ஒரு கடைல நிப்பாட்டி ஒரிஜினல் திருநெல்வேலி அல்வான்னாவ. திருநெல்வேலிக்காரியளுக்கே திருநெல்வேலி அல்வாவா, நல்லாருக்கு கத.

இத எல்லாம் சொல்லிப்போட்டு மாத்து வழி சொல்லாம விட்டா சரியில்ல. அடுத்த வாரமே நாங்க ரெண்டு பேரும் தனியா கெளம்பிட்டோம். நெல்லைல இருந்து செங்கோட்டை பாசஞ்சர், டிக்கெட் வெல கொஞ்சம்தான். எக்ஸ்பிரஸ்ல சீனியர் சிட்டிசன் சலுக 2020 மார்ச்சோட நிறுத்துனாவ, இன்னும் குடுக்கல, அந்தக் கோவம் எனக்கு உண்டு, ஆனா பாசஞ்சர்ல அது பெரிசாத் தெரியாது. போறப்ப எடது பக்க ஜன்னலப் புடிங்க, சேரன்மாதேவி தாண்டுனா மல தெரிய ஆரம்பிக்கும், கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவுல ரயிலு தாமிரபரணி ஆத்தத் தாண்டும், அப்ப மட்டும் போன உள்ள வச்சிருங்க. பாத்ரூம் ரயில்லயே இருக்கு, எங்க வயசுல அது எம்புட்டுப் பெரிய வசதின்னு வேன் ஓட்டுதவனுக்குப் புரியாது. தென்காசில எறங்கி டவுன் பஸ்ஸுல குற்றாலம். டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்குக் காசு கெடையாது, அத்தானுக்கு மட்டும் காசு குடுத்து எடுக்கணும். கண்டக்டர் டிக்கெட்ட நீட்டுனதும் அத்தான், எல்லாம் ஒனக்குத்தான் எழுதி வச்சிருக்குன்னாவ.

லாட்ஜுல கீழ்த்தள ரூம் வேணும்னு போன்லயே கேட்டு வாங்குனோம், லிப்ட் இருக்குன்னு சொல்லுதத நம்பாதீங்க. காலைல வெயில் ஏறுததுக்கு முன்னால சிற்றருவி. தண்ணி சின்னது, கூட்டமும் கம்மி, எங்க வயசுக்கு அது போதும். அப்புறம் சித்திரசபை. உள்ள கொஞ்சம் இருட்டு, கண்ணு பழகட்டும்னு ஒரு நிமிசம் நின்னா சுவத்துல ஒவ்வொண்ணா தெரிய வரும், பச்சிலைச் சாயத்துல வரஞ்சது, சில எடத்துல உரிஞ்சு போச்சு, இருந்தாலும் அந்தச் செவப்பும் பச்சையும் இன்னும் கெடக்கு. யாரும் கெளம்புங்கன்னு சொல்லல. நான் தரைல ஒக்காந்துட்டேன், அத்தான் ஒவ்வொரு சுவரா கண்ணாடிய ஏத்தி எறக்கிப் பாத்துக்கிட்டே போனாவ. குற்றாலநாதர் கோயில சங்கு வடிவத்துல கட்டிருக்காவ, அதையும் ஆற அமர சுத்தி வரலாம்.

பார்டருக்கு மத்தியானம் பன்னெண்டுக்கே போயிட்டோம், கூட்டம் வாரதுக்கு முன்னால. ரஹ்மத் கடைல எலய விரிச்சு புரோட்டாவப் பிச்சுப் போட்டு சால்னா ஊத்தி நாட்டுக்கோழி வச்சாவ. புரோட்டா ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல பஞ்சு மாதிரி. அத்தானுக்கு ஒண்ணு மட்டும்னு சொன்னேன், நான் கை கழுவப் போன நேரத்துல ரெண்டாவது வந்திருந்துச்சு. மறுநாளு தென்காசில ஒரு சின்ன மெஸ்ல சொதி. வெளியூர்க்காரவியளுக்குச் சொல்லுதேன், சொதிங்கறது எங்க பக்கம் கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போடுத சாப்பாடு. பாசிப்பருப்பும் முருங்கக்கா, கேரட், பீன்ஸ், உருளக்கெழங்கும் ரெண்டாம் மூணாம் தேங்காப்பால்ல வெந்து, கடசில மொதப்பால ஊத்தி எறக்கி, ஆறுன பொறவு எலுமிச்சம்பழம் பிழிவாவ. தேங்காப்பால் மந்தம்ல, அதுக்குத்தான் கூடவே இஞ்சித் துவையல். அந்த மெஸ்ல பாலு திரியாம சொதி வச்சிருந்தாவ, இஞ்சி மட்டும் கொஞ்சம் காரல், வெல்லம் இன்னும் ஒரு துண்டு போட்டிருக்கலாம்.

சாயங்காலம் சாரல் விழா, முன் வரிசைக்கு ரெண்டு வரிசை பின்னால, பேன் காத்து வார எடம். வில்லுப்பாட்டு முழுசாப் பாத்தோம். பாடுனது ஒரு அம்மா, வீசுகோல ரெண்டு கைலயும் புடிச்சு வில்லு நாணுல அடிச்சா மணி எல்லாம் சேந்து குலுங்குது, பக்கத்துல ஒருத்தர் ஆமான்னு பின்பாட்டு, உடுக்கக்காரர் நக்கலு. அரசாங்க மேடங்கறதால பிளாஸ்டிக் ஒழிப்பு, பெண் கல்வின்னு நடுவுல நடுவுல வரும், அது இருக்கட்டும். முழுக் கத கேக்கணும்னா ஆடி மாசம் கோயில் கொடைக்குத்தான் போவணும், சுடலமாடன் கதையோ முத்தாரம்மன் கதையோ விடிய விடியப் பாடுவாவ, சாமியாடி ஆடுத எடம் வந்தா வில்லு அடிக்குத வேகத்துல நமக்கே ஒடம்பு சிலுக்கும். மேடைல அரைமணி நேரத்துக்குள்ள அது வராது. அத்தானுக்கு அதுவே போதுமா இருந்துச்சு, குடம் தட்டுதவர் கையவே பாத்துக்கிட்டிருந்தாவ, ரூமுக்கு வந்தும் டேபிள்ல தாளம்.

செலவு கூட்டிப் பாத்தா ரூம் வாடகையோட வேன்காசவிட கூடத்தான் ஆச்சு, அத மறைக்க மாட்டேன். பாத்த எடமும் பாதி தான். தனியாப் போக பயமா இருக்கவிய, துணைக்கு ஆள் இல்லாதவிய வேன்லயே போங்க, ஆனா ஏறுததுக்கு முன்னால மூணு கேள்வி கேட்டுருங்க. மத்தியானச் சாப்பாடு எத்தன மணிக்கு, கோயிலுக்குப் போற நேரம் நட தெறந்திருக்குமா, பாத்ரூமுக்கு எங்கெங்க நிப்பாட்டுவிய. இதுக்கு நேரா பதில் வரலன்னா வேற வண்டி பாருங்க.

போன வாரம் அந்த வேன் ஆபீஸ்ல இருந்து மறுபடி போன். புரட்டாசிக்கு நவதிருப்பதி ஸ்பெஷலாம், ஒம்பது கோயிலும் ஒரே நாள்ல, ஸ்ரீவைகுண்டத்துல ஆரம்பிச்சு ஆழ்வார்திருநகரில முடிப்பாவளாம். ஆழ்வார்திருநகரில நம்மாழ்வார் இருந்த புளியமரத்தடில எம்புட்டு நேரம் குடுப்பிய தம்பின்னு கேட்டேன். பதினஞ்சு நிமிசம் மேடம், போட்டோவோட சேத்துன்னுச்சு. போன அத்தான் கைல குடுத்துட்டேன்.