ஏலச் சீட்டும் அதீனாவும்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு மீனை ஏலம் விடும் அண்ணன் ஒருவருக்கு மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெப் ஆப் செய்து கொடுத்தேன். எந்த மீன் யாருக்கு என்ன விலைக்குப் போனது என்று எழுதும் ஏலச் சீட்டுகள் அமேசானின் இணையக் கோப்புக் கிடங்கான எஸ்3-இல் கிடக்கும். அந்தக் கோப்புகளை இருந்த இடத்திலேயே தேடித்தரும் அமேசான் சேவை அதீனா. ஆப் அதன் வழியாக எஸ்க்யூஎல் குவெரி (டேட்டாபேஸ் மொழியில் கேள்வி) போட்டு எடுக்கும். தனியாக டேட்டாபேஸ் சர்வர் வேண்டாம், ஒரு டெராபைட் படித்தால் 5 டாலர். என் அளவுக்கு அது டீக்காசு.

காசில் அடிபடவில்லை, நேரத்தில் அடிபட்டேன். சீட்டுக்கு ஒரு ஜேசான் (சாதாரண எழுத்து வடிவ) கோப்பு என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு என்றால் வருடத்துக்கு எத்தனை ஆயிரம் கோப்பு, பாருங்கள். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கத்தான் நேரம் போகும், அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும். விடிகாலை ஏலத்தில் கூடையைச் சுற்றி வியாபாரிகள் நிற்க, ஸ்கிரீனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "தம்பி, நோட்டே தேவலாம்" என்றார் அண்ணன். கோபப்படவில்லை, அதுதான் உறுத்தியது.

இப்போது அன்றைய சீட்டு போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில். இரவில் ஒரு ஜாப் ஓடி, அந்த நாளுக்கு ஒரே பார்க்கே (தகவலை நெடுவரிசை நெடுவரிசையாக வைக்கும் வடிவம்) கோப்பாக்கி எஸ்3-க்குத் தள்ளும். பார்க்கேயில் கேட்ட நெடுவரிசையை மட்டும் படிப்பதால் வஞ்சிரம் விலை கேட்டால் வியாபாரி பெயரைத் தொடுவதில்லை.

அடுத்த கோளாறும் என் கைவேலைதான். மாதவாரியாக ஃபோல்டர் பிரித்திருந்தேன். அப்படிப் பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு பார்ட்டிஷன். புது மாதம் பிறந்தால் அந்தப் பார்ட்டிஷனை அதீனாவின் டேபிளில் பதிய வேண்டும். ஒன்றாம் தேதி கையால் செய்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு போகாது, சீட்டு வராது, நானும் மறந்தேன். படகுகள் திரும்பிய மறுநாள் காலை அண்ணன் முந்தின நாள் கணக்கைத் திறந்தால் பூஜ்யம். பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. பதியாத பார்ட்டிஷன் அதீனாவுக்கு இல்லாத பார்ட்டிஷன். காலி விடையைச் சரியான விடைபோல நீட்டும். பார்ட்டிஷன் ப்ரொஜெக்‌ஷன் வைத்த பிறகு, எந்தெந்தப் பார்ட்டிஷன் என்று அதீனாவே விதிப்படி கணித்துக்கொள்வதால், அந்தத் தொல்லை ஒழிந்தது. முதல் நாளே வைத்திருக்கலாம்.

வெப் ஆப்பில் அதீனாவைப் புதிதாக இணைப்பவர்களுக்கு: அமேசான் கணக்கைத் திறக்கும் அணுகல் சாவியைப் பிரவுசர் பக்கமே விடாதீர்கள், குவெரியை சர்வர்தான் அனுப்ப வேண்டும். அனுப்பியதும் விடை வராது. ஒரு ஐடி வரும், முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்தாலும் ஒரு தடவைக்கு 1000 வரிதான். பயனர் தட்டும் சொல்லை குவெரியில் ஒட்டாமல் அளவுருவாக (தனி மதிப்பாக) கொடுங்கள். ஒவ்வொரு விடையும் எஸ்3-இல் கோப்பாகச் சேரும். ஏழு நாளில் அழியும்படி விதி வைத்தேன், அதுவும் ஒரு வருடக் குப்பையைப் பார்த்த பிறகு.

பழைய கணக்குக்கு அதீனாவை விடமாட்டேன். "போன தீபாவளி வாரம் சங்கரா என்ன போச்சு?" என்று அண்ணன் கேட்டால் மூன்று நான்கு விநாடியில் வருகிறது, அதற்கு அவர் காத்திருக்கிறார். முதல் வருடச் சீட்டில் மட்டும் சிலது கிலோ, சிலது கூடை. கூடைக்கு எத்தனை கிலோ என்று கேட்டேன். "எந்தக் கூடை?" என்றார்.